கேரவன் டிரெய்லர் டயர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காருக்குப் பின்னால், படுக்கையும் சமையல் மேடையும் வைத்த கேரவன் வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறவர்கள் பெங்களூரில் இன்னும் குறைவு. அதனால் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் பையனுக்கும் சரி, பல டயர் கடைக்காரர்களுக்கும் சரி, டிரெய்லர் டயர் என்பது இன்னொரு கார் டயர்தான். வண்டி நின்றதும் "33 போட்டுரவா சார்?" என்று கேட்டுக்கொண்டே மெஷினில் அந்த பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) எண்ணைத் தட்டிவிடுவார்கள். காருக்கு அது போதும். கேரவன் டயருக்கு வரும் வியாதிகளில் பாதி அந்த 33-ல்தான் ஆரம்பிக்கிறது.

கார் டயர் ஓடி ஓடித் தேய்ந்து சாகிறது. கேரவன் டயர் அப்படிச் சாவது அபூர்வம். மாதக்கணக்கில் அபார்ட்மென்ட் வாசலில் வெயிலில் நின்று கிழடாகும். பிறகு ஒருநாள் குறைந்த காற்றோடு முழு எடையைச் சுமந்து ஓடிச் சூடாகி வெடிக்கும். அப்போதும் பட்டன் (ரோட்டைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) புதுசு மாதிரியே இருக்கும். ஆகவே பட்டனைப் பார்த்து டயரை எடைபோடும் பழக்கத்தை இங்கே ஓரமாக வைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரியாமல் கீழே உள்ள எதையும் சரிசெய்ய முடியாது.

முதலில்: உங்கள் டயருக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

குனிந்து டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். 185 ஆர் 14 சி, 102/100 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 102 என்பது எடைக் குறியீடு. ஒற்றை டயராகப் போட்டால் 850 கிலோ தாங்கும். பின்னால் உள்ள 100, லாரி மாதிரி இரட்டை டயராகப் போடும்போது ஒவ்வொன்றும் தாங்கும் 800 கிலோ. கேரவனுக்கு முதல் எண்தான் கணக்கு. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், அந்த எடை எத்தனை காற்றில் என்றும் அச்சடித்திருப்பார்கள். இந்த அளவுக்கு அது 65 பி.எஸ்.ஐ.

இப்போது அதே டயரில் 45 அடித்தால் தாங்கும் எடை ஏறக்குறைய 630 கிலோவுக்கு இறங்கிவிடும். கார் கணக்கில் 35 அடித்தால் 500 சொச்சம்தான். ரப்பரும் மாறவில்லை, உள்ளே இருக்கும் கம்பியும் மாறவில்லை. எடையைத் தூக்கிப் பிடிப்பது காற்று. டயர் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை.

அடுத்தது வண்டியின் எடை. கம்பெனித் தாளில் உள்ள எடையை நம்பாதீர்கள், அது காலி வண்டியின் எடை. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர், இரும்போடு சேர்த்து 30 கிலோ சுமார். இன்வெர்ட்டர் பேட்டரி, ஏ.சி., பாத்திரம், படுக்கை என்று ஏறிக்கொண்டே போகும். பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே லாரி எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். பீன்யா பக்கமும் ஓசூர் ரோட்டிலும் மேடைகள் இருக்கின்றன. காரைக் கழற்றாமல், கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினால் அச்சின் மேல் விழும் எடை கிடைக்கும். காரோடு இணைக்கும் ஹூக்கில் விழும் எடையைக் கார் சுமப்பதால் அது இதில் வராது.

அப்புறம் பெரும்பாலானவர்கள் செய்யாத ஒன்று: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில், மறுபக்கம் சம தரையில் நிற்கும்படி இன்னொரு முறை நிறுத்திப் பாருங்கள். சமையல் மேடை, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்த வண்டிகள் நிறைய. அச்சில் 1,210 கிலோ என்றால் பக்கத்துக்கு 605 என்று நாம் வகுத்துக்கொள்வோம். உண்மையில் ஒரு பக்கம் 660, மறுபக்கம் 550 இருக்கலாம். அதிக எடை விழும் பக்கத்தை வைத்துத்தான் இரண்டு டயருக்கும் காற்றை முடிவு செய்ய வேண்டும். அதன் மேல் 15 முதல் 20 சதவீதம் மிச்சம் இருக்கட்டும்.

கேரவன் செய்தவர்கள் ஒட்டிய ஸ்டிக்கரில் காற்றளவு இருந்து, டயரும் அதே அளவுதான் என்றால் அதைப் பின்பற்றுங்கள். ஸ்டிக்கர் இல்லை, எடை போட்டிருக்கிறீர்கள் என்றால் டயர் கம்பெனியின் எடை-காற்று அட்டவணையைப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், ரிம்மும் வால்வும் தாங்கும் என்று உறுதி செய்துகொண்டு, பக்கச் சுவரில் உள்ள உச்ச அளவுக்கே அடித்துவிடுங்கள். கொஞ்சம் குதிக்கும், உள்ளே அலமாரி ஸ்க்ரூ தளரும். ஆனால் காற்றுக் குறைவால் டயர் வெடிக்காது. இந்தத் தேர்வில் எனக்குத் தயக்கமே இல்லை.

எல்லா எண்களும் குளிர்ந்த டயருக்கு. அதாவது வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. கிளம்பும் நாள் காலையில், வெயில் டயரில் படுவதற்கு முன், காற்றழுத்தம் காட்டும் உங்கள் சொந்த கேஜை வைத்துப் பாருங்கள். பங்குக்கு ஓட்டிப்போய்ப் பார்ப்பதற்குள் டயர் சூடாகிவிடும். 12 வோல்ட் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. வாங்கும்போது 65 வரை சிரமமில்லாமல் ஏற்றுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: ஒரே டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

எந்த டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இழக்கும். நான்கு மாதம் நின்ற வண்டியில் 6 குறைந்திருந்தால் கோளாறு இல்லை, அடித்துக்கொண்டு கிளம்பலாம். ஒரு வாரத்தில் 5 குறைந்தால்தான் தேட வேண்டும்.

சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு வாயில் விடுங்கள். நடுவில் ஒரு சின்னக் குமிழி மெல்ல ஊதிப் பெரிதாகி உடைந்து, மறுபடி ஊதினால் வால்வு பின் தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்கு சிக்கியிருக்கிறது. பின்னை இறுக்கினால் அல்லது மாற்றினால் போதும். நுரை வால்வின் அடியில், ரிம்மைத் தொடும் இடத்தில் வந்தால் வால்வை விரலால் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது நுரை அதிகமானால் ரப்பர் வால்வு காய்ந்து வெடித்திருக்கிறது. அது ரோட்டில் ஒரே நொடியில் பிய்த்துக்கொண்டு போகக்கூடியது. உடனே மாற்ற வேண்டும்.

வால்வு நன்றாக இருந்தால் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் விடுங்கள். இரும்பு ரிம் வைத்த கேரவன்களில், மழையில் நின்று விளிம்பில் துரு பொருக்குத் தட்டி, அதன் வழியே காற்று கசியும். டயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து மாட்டினால் சரியாகும். இதற்காகப் புது டயர் வாங்கச் சொல்லும் கடையை நம்ப வேண்டாம்.

பட்டன் பகுதியில் ஆணி என்றால் உள்ளிருந்து பேட்ச் வைக்கலாம். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் எந்தப் பஞ்சரும் செல்லாது, டயரைத் தூக்கிப் போடுங்கள்.

அறிகுறி: நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் ஒரு டயர் மட்டும் சூடாக இருக்கிறது

டோல்கேட்டிலோ டீக்கடையிலோ நிறுத்தும்போதெல்லாம் சக்கரங்களைச் சுற்றி ஒரு நடை நடப்பது நல்ல பழக்கம். கையை வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) முதலில் தொடாதீர்கள், சுட்டுவிடும். தூரத்தில் இருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் படும் பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

டயரும் சூடு, அதன் ஹப் சாதாரணமாக இருக்கிறது என்றால் காற்றுக் குறைவு அல்லது அதிக எடை. குறைந்த காற்றில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும்; அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. ஹப் சூடு, டயர் சாதாரணம் என்றால் டயரை விட்டுவிட்டு பேரிங் அல்லது உரசும் பிரேக்கைப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிவிட்டால் எது என்று தெரிந்துவிடும். கரகரத்தால் பேரிங், இழுத்துப் பிடித்தால் பிரேக்.

கேஜ் இன்னொரு செய்தி சொல்லும். ஓடிய டயரில் காற்றழுத்தம் காலையில் இருந்ததைவிட 10 முதல் 15 சதவீதம் கூடியிருப்பது இயல்பு. காலையில் 50 என்றால் மதியம் 55, 57 காட்டலாம். 60-ஐத் தாண்டினால், காலையில் குறைவாக அடித்திருக்கிறீர்கள் அல்லது சுமை அதிகம். இதைப் பார்த்துப் பலர் செய்வது நேர் எதிர்: "ஓ, காற்று அதிகமாயிருச்சே" என்று வால்வை அழுத்தி இறக்கிவிடுகிறார்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. இறக்கினால் அது ஆறியதும் இன்னும் குறைந்து, மறுநாள் இன்னும் அதிகமாகச் சூடாகும். நிறுத்தி ஆறவிடுங்கள். சுமையைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை குளிர்ந்தபின் சரியான அளவுக்கு ஏற்றுங்கள்.

காற்று மிகக் குறைந்து ஓடிய டயர் ஒன்றை பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. ரிம்மில் இருந்து நெம்பி எடுத்ததும் உள்ளே இருந்து கைப்பிடிக் கறுப்புத் தூள் தரையில் கொட்டியது. உள்சுவரில் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் உரிந்து, நூல் தெரிந்தது. அந்த டயரில் பஞ்சர் ஒட்டி, காற்றை முழுசாக அடித்து மாட்டியிருந்தால் அழகாக நின்றிருக்கும்; அடுத்த நெடுஞ்சாலையில் வெடித்திருக்கும். காற்று இறங்கிய நிலையில் சில கிலோமீட்டர் ஓடிவிட்ட எந்த டயரையும் கழற்றி உள்ளே பார்க்காமல் திரும்ப மாட்டாதீர்கள். தூள் இருந்தால் முடிந்தது கதை.

இரட்டை அச்சு கேரவனில் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்தில் இருக்கும் மற்ற டயர் அந்த நேரம் இரண்டின் எடையையும் சுமந்திருக்கும். கொஞ்ச தூரம் அப்படி ஓடியிருந்தாலும் அதையும் கழற்றிப் பாருங்கள்; சந்தேகம் இருந்தால் சேர்த்தே மாற்றுங்கள்.

அறிகுறி: தேய்மானம் ஒரு மாதிரியாக இருக்கிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் எடைக்கு மீறிய காற்று. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு அப்படியே இருந்தால் காற்று போதவில்லை. இவை இரண்டும் கேஜால் தீரும்.

ஒரே ஓரம் தேய்ந்தால் காற்றை விட்டுவிட்டு அச்சைப் பாருங்கள். அதிக எடையில் பள்ளத்தில் விழுந்து அச்சு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம், பட்டையைக் கட்டும் யு போல்ட் தளர்ந்து அச்சு கோணலாக நகர்ந்திருக்கலாம். ஹூக்கின் நடுப்புள்ளியில் இருந்து இரண்டு பக்க ஹப் நடுப்புள்ளிக்கும் டேப் பிடித்து அளந்தாலே கோணல் தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும்.

அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் சக்கரம் குதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது: பேலன்சிங் இல்லை அல்லது பேரிங் ஆட்டம். டிரெய்லர் சக்கரத்துக்கு பேலன்சிங் எதற்கு என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்த அதிர்வு தெரியாது என்பதால்தான் அது இன்னும் முக்கியம். செய்யச் சொல்லி வாங்குங்கள்.

இரட்டை அச்சில் நான்கு டயரும் ஓரம் பிசிறடித்தாற்போல் இருந்தால் அது பெரும்பாலும் இறுக்கமான திருப்பங்களால் வருவது. ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் டயர்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். மேலே போய் நிறுத்தியதும் பக்கச் சுவர்களைப் பார்த்துவிடுங்கள்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் அடியில் சின்ன மேடு வைத்திருப்பார்கள்; பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது. ஆனால் முதலில் சொன்னதுதான்: கேரவன் டயர் அந்த மேட்டைத் தொடும்வரை உயிரோடு இருப்பது அபூர்வம்.

அறிகுறி: பட்டன் புதுசு, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள்

இதுதான் பெங்களூர் கேரவன்களில் சகஜமாகக் காணும் வியாதி, நிறையப் பேர் கண்டும் காணாமல் விடுவதும் இதைத்தான். ஓடாமல் நிற்கும் டயர் வேகமாகக் கிழடாகும். ஓடும்போது ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்பு மெழுகு மேலே வந்து சுவரை மூடும். நின்றே கிடந்தால் அது வராது. வெயிலும் ஓசோனும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று குளுகுளுவென்று இருக்கிறதே என்று நினைப்போம். டயர் மேல் விழும் புற ஊதாக் கதிர் சென்னையைவிடக் குறைவாக இருந்துவிடாது.

முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள். பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் ஒரு நீள்வட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்தது. ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இந்த எண்ணைப் போடுவதுண்டு. வெளியே காணவில்லை என்றால் வண்டிக்கு அடியில் படுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். படுத்ததும் படுத்தீர்கள், உள்பக்க வெடிப்பையும் பார்த்துவிடுங்கள்.

என் கணக்கு இது: 5 வருடம் ஆனதும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பிக்க வேண்டும், 7 வருடத்தில் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும். 3 வருடமே ஆகியிருந்தாலும், டயரை அழுத்தும்போது வெடிப்பு வாய் திறந்து உள்ளே ஆழம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கறுப்புப் பாலிஷ் பூசிப் பளபளக்க வைப்பதால் வெடிப்பு மறையும், போகாது.

புது டயருக்கு இது சீக்கிரம் வராமல் இருக்க, நிற்கும்போது சக்கரத்துக்கு உறை போட்டு வைக்கலாம். உச்ச அளவுக்குக் காற்று அடித்து வைக்கலாம். மாதம் ஒருமுறை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தினால் ஒரே இடத்தில் அழுந்தாது.

அறிகுறி: பக்கச் சுவரில் வீக்கம்

பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ இடித்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது. மருந்து இல்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு திரும்புங்கள்.

அறிகுறி: வேகம் எடுத்ததும் கேரவன் வால் ஆட்டுகிறது

80-ல் போகும்போது லாரி ஒன்று பக்கத்தில் தாண்டியதும் பின்னால் ஆட ஆரம்பித்து நிற்கவில்லை என்றால், முதலில் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்பது. ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

நின்றபின் கேரவன் டயர் இரண்டின் காற்றையும், அப்புறம் மறக்காமல் காரின் பின் டயர்களையும் பாருங்கள். ஹூக்கில் எடை ஏறியதும் காரின் பின்பக்கம் அமுங்குகிறது. அங்கே சும்மா ஓட்டும்போது அடிக்கும் காற்று போதாது. காரின் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனி அளவு கொடுத்திருப்பார்கள், அதைப் போடுங்கள். மென்மையான கார் டயர் போட்ட கேரவன் அதிகமாக ஆடும், லோடு வண்டி டயரின் கெட்டியான சுவர் ஆட்டத்தைக் குறைக்கும்.

காற்று எல்லாம் சரி என்றால் சுமை பின்னால் அதிகமாக இருக்கிறது. கனமான பொருளை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். டயரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

அறிகுறி: கிளம்பியதும் தடதடவென்று அதிர்ந்து, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது

பல வாரம் ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கிறது. சூடானதும் உருண்டைக்கு வந்துவிடும். அரை மணி நேரம் ஓடியும் அதிர்வு போகவில்லை என்றால் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பட்டன் மேல் எங்காவது மேடு தெரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு பிரிகிறது. அதோடு ஓட்டாதீர்கள்.

அறிகுறி: ஊருக்கு ஊர் கேஜ் வேறு வேறு காட்டுகிறது

இது கோளாறே இல்லை. ஆனால் இதைச் சரிசெய்யப் போய்க் கோளாறு ஆக்கிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பெங்களூரில் இருந்து சென்னைக்கு இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும், கேஜ் அவ்வளவு குறைத்துக் காட்டும். ஆனால் சென்னைக் காலை பெங்களூர்க் காலையைவிட 8 டிகிரி வரை சூடாக இருக்கும். 50 பி.எஸ்.ஐ. டயரில் 10 டிகிரி ஏறினால் 2 பி.எஸ்.ஐ. சுமார் கூடும், 8 டிகிரிக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். ஆக, ஒன்று குறைத்ததை மற்றது கூட்டி, மறுநாள் காலை சென்னையில் பார்த்தால் கிட்டத்தட்ட அதே 50 இருக்கும். ஊட்டிக்கு ஏறினால் இதே கணக்கு தலைகீழாக நடக்கும்: உயரத்தால் கூடும், குளிரால் குறையும்.

ஆகவே மலை ஏறுகிறோம் என்று காற்றை இறக்குவதும், கடற்கரைக்குப் போகிறோம் என்று ஏற்றுவதும் வேண்டாத வேலை. தங்கும் இடத்தில் காலையில் எழுந்ததும் ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

நைட்ரஜனைப் பற்றியும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாதது நல்லதே. ஆனால் நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று குறைந்த காற்றோடு ஓட்டுவது பெரிய தப்பு. எந்தப் பங்கிலும் சாதாரணக் காற்றைச் சேர்த்து அடிக்கலாம், ஒன்றும் ஆகாது.

அறிகுறி: புது டயர் போட்டும் மறுபடி வெடிக்கிறது

தேர்வில்தான் கோளாறு. வெளிநாட்டில் டிரெய்லருக்கென்றே எஸ்.டி. என்று குறியிட்ட டயர் வருகிறது. இங்கே கடை அலமாரியில் அதைப் பார்ப்பது அரிது. அதனால் கடைக்காரர் கையில் கிடைத்த கார் டயரைப் போட்டுவிடுகிறார். 155/80 ஆர் 13 என்ற அளவில் 79 எடைக் குறியீடு உள்ள கார் டயர் ஒன்று 437 கிலோதான் தாங்கும், இரண்டும் சேர்ந்து 874. அமெரிக்க விதிப்படி கார் டயரை டிரெய்லரில் போட்டால் அந்த எடையையும் 1.1-ஆல் வகுத்துக் குறைக்க வேண்டும். ஒரு டயருக்கு 400-க்கும் கீழே வந்துவிடும். டன்னுக்கு மேல் போகும் கேரவனை அதில் நிறுத்துவது, நிற்கும்போதே ஆபத்து.

நம் ஊரில் பார்க்க வேண்டியது எல்.டி. அல்லது சி என்று குறியிட்ட, சின்ன லோடு வண்டிகளுக்கான டயர்கள். டாட்டா ஏஸுக்கு வரும் 145 ஆர் 12 எல்.டி. போன்றவை சின்னக் கேரவனுக்கும், 185 ஆர் 14 சி போன்றவை நடுத்தர வண்டிக்கும் பொருந்தும். ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் லோடு வண்டி டயர் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கார் ஷோரூம் மாதிரி ஜோடித்த கடைகளைவிட அங்கே எடைக் குறியீட்டைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். "அண்ணா, 14 இஞ்ச் ரிம், டயர் ஒண்ணுக்கு 800 கிலோ தாங்கணும், லோடு வண்டி ரேடியல் காட்டுங்க" என்று கேளுங்கள். ரிம் அளவை மட்டும் சொன்னால் கார் டயர்தான் வரும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். தயாரிப்பு வாரத்தைக் கேட்காதீர்கள், நீங்களே படியுங்கள். கேரவன் டயருக்கு வயதுதான் ஆயுள் என்பதால், கடையில் 2 வருடம் தூங்கிய டயரைத் தள்ளுபடிக்கு வாங்கினால் அந்த 2 வருடத்துக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். 6 மாதத்துக்குள் செய்தது கிடைக்கும்வரை நான் காத்திருப்பேன். ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியது) கேரவனுக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே வயது. ரேடியலையும் நைலான் டயரையும் கலக்கக் கூடாது. அகலமான டயர் அழகு என்று போடுவதற்கு முன், வண்டி முழுச் சுமையில் அமுங்கி நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே கை நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் முதல் பெரிய பள்ளத்திலேயே உரசும்.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ரிம்மும் வால்வும். டயர் 65 தாங்கும் என்பதால் ரிம் தாங்கும் என்று அர்த்தமில்லை. ரிம்மின் உள்பக்கத்தில் உச்ச எடையும் காற்றும் பொறித்திருந்தால் அதுதான் எல்லை. சாதாரணக் கார் ரப்பர் வால்வின் உச்சம் 65 பி.எஸ்.ஐ. காலையில் 65 அடித்து மதியம் அது 72 ஆகும்போது அந்த வால்வுக்கு மூச்சு முட்டும். 50-க்கு மேல் அடிக்கப்போகிறீர்கள் என்றால் நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வைக் கேட்டு மாட்டுங்கள். வால்வு மூடியில் திருகும் காற்றழுத்த சென்சார் போடுவதாக இருந்தாலும் இதே வால்வுதான் வேண்டும், ரப்பர் வால்வு அந்த எடையில் ஆடி ஆடி அடியில் வெடிக்கும். டயர் கழற்றியிருக்கும் அந்த ஒரே நேரத்தில்தான் இதைச் செய்ய முடியும், வீடு வந்தபின் ஞாபகம் வந்து பயனில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெடித்தால் வேகத்தைப் பாருங்கள். மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் காரின் வேகத்தில் கேரவனை இழுக்கத் தோன்றும். டயரின் வேக எழுத்து (பக்கச் சுவரில் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்து) அனுமதித்தாலும், கோடை மதியத்தில் முழுச் சுமையோடு 80-ஐத் தாண்டாமல் இருந்தால் டயர் எவ்வளவோ குளிர்ச்சியாக ஓடும்.

மாட்டியபின்

நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். அளவு கேரவன் செய்தவர் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். ஏர் கன் வைத்து டர்ரென்று இறுக்கிவிட்டு அனுப்பினால் சில நட்டு அதிகமாகவும் சில குறைவாகவும் இருக்கும். புதுசாக மாட்டிய சக்கரம் 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் உட்கார்ந்து நட்டு லேசாகத் தளரும். ஓசூர் தாண்டி சூளகிரி பக்கம் ஓரமாக நிறுத்தி ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வண்டி வாங்கியபோது வந்த டயராகவே இருக்கும், காற்றும் 20-க்குக் கீழே இறங்கியிருக்கும். அதன் 4 எண்ணைப் படித்து, மற்ற டயர்களோடு சேர்த்தே மாற்றுங்கள், அவற்றுக்கு அடிக்கும் அதே அளவு காற்றை அடியுங்கள். காரின் ஜாக்கி கேரவனைத் தூக்குமா, காரின் வீல் ஸ்பேனர் கேரவன் நட்டுக்குப் பொருந்துமா என்பதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.